மிஷின் போட்டபின் உள்ளே நடப்பது

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கு வெண்டிலேட்டர், அதாவது மூச்சுவிட உதவும் மிஷின், வைத்திருக்கிறார்கள் என்று சேதி வந்தால், பாதிப் பேர் மனத்துக்குள் துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "மிஷின் போட்டாச்சாம், இனி எங்க..." என்பார்கள். எல்லா நோயாளிக்கும் அது பொருந்தாது.

கட்டுவிரியன் கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் காத்தாம் தெபு என்று சொல்லும் பாம்பு. கடித்தால் பெரிதாக வலிக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. சில மணி நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் ஓய்ந்துவிடும். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இயக்கும் தசைக்கு நரம்பிலிருந்து கட்டளை வரவில்லை. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சேதமான நரம்பு நுனிகள் தாமாக மீள நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தசையின் வேலையை மிஷின் பார்க்கிறது. அசையாமல் கிடந்தாலும் அவருக்குக் காது கேட்கலாம். அதனால்தான் மயக்க மருந்தும் கொடுக்கிறார்கள்.

நாம் மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து காற்று உள்ளே வருகிறது. வெண்டிலேட்டர் நேர்மாறு: மூச்சுக்குழாயில் இறக்கிய டியூப் வழியே காற்றைத் தள்ளுகிறது. வெளிமூச்சுக்கு அது உழைப்பதில்லை. வால்வு திறந்தால் விரிந்த நெஞ்சு தானே சுருங்கும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது போதிய மிஷின் இல்லாமல், மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பையை அழுத்திப் பலரைக் காப்பாற்றினார்கள்.

எவ்வளவு தள்ளுவது? இங்கே உடல் எடையைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். ஆள் பருத்தால் நுரையீரல் பருக்காதே! 170 செ.மீ. உயர ஆண் 100 கிலோ இருந்தாலும் கணக்கு 66 கிலோவுக்குத்தான். கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என்றால் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 400 முதல் 530 வரும். மிகுந்தால் காற்றறைகள் காயப்படும். மூச்சு முழுவதும் வெளியேறவும் விடுவதில்லை. பலூனை முதல்முறை ஊதுவதுதானே கடினம். அதற்காக 5 செ.மீ. நீர் அளவு அழுத்தத்தையாவது உள்ளே நிறுத்தி வைக்கிறார்கள். ஆக்சிஜனும் 21 விழுக்காட்டிலிருந்து 100 வரை அளந்துதான். பாராகுவாட் களைக்கொல்லியைக் குடித்தவருக்கு ஆக்சிஜன் கூடினால் நுரையீரல் இன்னும் மோசமாகும். நம் மலேசியாவில் அந்தக் களைக்கொல்லிக்கு 2020இல் தடை வந்தது நல்லதாகப் போயிற்று.

தள்ளுவதைவிடக் கவனிப்பதில்தான் மிஷினின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அழுத்தம், ஓட்டம், கொள்ளளவு மூன்றும் திரையில் கோடுகளாக ஓடும். 420 மில்லிலிட்டர் அனுப்பி 250 திரும்பினால் எங்கோ கசிவு. அழுத்தம் திடீரென ஏறினால் சளி அடைத்திருக்கலாம், டியூப் மடங்கியிருக்கலாம், நோயாளி இருமியோ அதைக் கடித்தோ இருக்கலாம். அழுத்தம் விழுந்தால் இணைப்பு கழன்றிருக்கலாம். பீப் சத்தம் கேட்டதும் உறவினர்கள் பதறுகிறார்கள். பல அலாரம் சளியை உறிஞ்சி எடுத்ததும் அடங்கிவிடும். ஆனாலும் பட்டனை நீங்கள் தொடாதீர்கள், மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடுங்கள்.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கிளிப்பை எல்லாருக்கும் தெரியும். அதைவிட முந்திக்கொள்வது வெளிமூச்சின் கரியமிலவாயு அளவு, வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம். டியூப் நழுவி உணவுக்குழாய்க்குள் போனால் அந்தக் கோடு சட்டெனத் தட்டையாகும். விரல் கிளிப்பில் எண் இறங்கச் சில நிமிடம்கூடப் பிடிக்கலாம்.

நோயாளி தானாக மூச்சிழுக்க முயன்றால், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் அளவு சின்ன இழுப்பையும் மிஷின் உணர்ந்து, அதோடு சேர்த்துக் காற்றைத் தரும். பாம்புக்கடி நோயாளிக்கு அந்த இழுப்புகள் கூடக்கூட உதவியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். பிறகு குறைந்த உதவியில் அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். மூச்சு வேகமெடுக்காமல், நன்றாக இருமவும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிச் சில விநாடி நிறுத்தவும் முடிந்தால், டியூபை எடுத்துவிடலாம்.