கொத்தடிமை முறை: சொல்லும் பொருளும்

‘நவீன அடிமைத்தனம்’ என்ற சொற்றொடர் இப்போது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் சிறு தென்னை நார் ஆலைகளின் மேசைக்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே தொழில் நடத்தி, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் வரவு பார்க்கும் நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தாங்கள் சரக்கு வாங்கும் இடங்களிலும் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். சின்ன நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் பெரியவர் தமக்குச் சரக்குத் தருபவரைக் கேட்கிறார். அவர் தமக்குத் தருபவரைக் கேட்கிறார். அங்கே பத்துப் பேரை வைத்துத் தோட்டம் போட்டுத்தரும் ஒரு நிறுவனம் வாங்கும் தொட்டிக் கலவையில் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. தென்னை நார்க்கழிவு தமிழ்நாட்டிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகிறது. கேள்வி இப்படித்தான் நம் ஊருக்கு வந்து சேர்கிறது.

‘எங்களிடம் நவீன அடிமைத்தனம் இல்லை’ என்று அச்சிட்ட தாளில் ஆலைக்காரர் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறார். தம்மிடம் அடிமை யாரும் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். ‘மாடர்ன் ஸ்லேவரி’ என்பதன் அந்தத் தமிழாக்கத்தைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

‘தனம்’ என்ற ஈறு நம் மொழியில் ஓர் ஆளின் குணத்தைச் சொல்ல வருவது. சோம்பேறித்தனம், கஞ்சத்தனம், பிடிவாதம் பிடிப்பவரின் முரட்டுத்தனம். ‘அடிமைத்தனம்’ என்றதும் தலைகுனிந்து நிற்பவனின் மனப்பான்மைதான் நினைவுக்கு வருகிறது. குற்றம் எங்கோ அவனிடமே இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. ‘முறை’ என்று சொன்னால் கணக்கு, கடன், அதை நடத்துகிறவர் என எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பொதுச் சொல்லாக ‘நவீன அடிமைமுறை’ என்று எழுதுவதே சரி. அது ஒரு குடைச்சொல். கட்டாய உழைப்பு, ஆள் கடத்தல், கட்டாயத் திருமணம் எல்லாம் அதன்கீழ் வரும். 2021-ஆம் ஆண்டுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் 4 கோடியே 96 லட்சம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். அதில் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் மட்டும் 2 கோடியே 76 லட்சம். அந்தக் குடையின்கீழ் நம் மண்ணில் வேரோடு கிடப்பதற்குத் தனிப் பெயர் இருக்கிறது: கொத்தடிமை முறை.

அடிமை என்பது ‘அடி’யிலிருந்து வந்த சொல். பக்தி அதை அடியார் என்றும் அடியேன் என்றும் மெருகேற்றியது. ஆனால் அதே பக்தி மரபில்தான் ஆளோலையும் வருகிறது. சுந்தரரின் திருமணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, ‘இவன் என் அடிமை’ என்று வழக்காடியபோது காட்டியது அடிமை எழுதிக்கொடுத்த ஓலை. எழுதிக் கொடுத்தவர் பாட்டனார். அது பேரனையும் கட்டும் என்பதே வழக்கு. இது புராணச் செய்தி என்று நகர்ந்துவிட முடியாது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1201-இல் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் தம் மகள்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. காவிரி பாயும் ஊரில் நெல் இல்லாமல் போன ஆண்டு அது.

‘கொத்து’ என்றால் ஒன்றாய்ச் சேர்ந்தது. பூங்கொத்து, சாவிக்கொத்து. வேலைக்கு ஆட்களைச் சேர்த்து அழைத்துவருபவரைக் கொத்துக்காரர் என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. தானியமாக அளக்கும் கூலியோடு இந்தச் சொல்லை இணைத்துப் பொருள் சொல்வாரும் உண்டு. எனக்கு முதல் பொருளே வலுவாகப் படுகிறது: கொத்தடிமை என்றால் குடும்பத்தோடு, கொத்தாக அடிமைப்பட்டவர். கடன் வாங்கியவர் ஒருவர், கட்டுப்படுவது வீடு முழுவதும்.

கீழத்தஞ்சையில் இதற்கு அகராதி தேவைப்பட்டதில்லை. பண்ணையாள் என்ற சொல் போதுமானதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பண்ணையில் கடன் வாங்குவார் கணவர். மனைவி நடவுக்கு இறங்குவார். மகன் பண்ணை மாட்டை மேய்ப்பான். கூலி அன்றாடப் படியும் அறுவடைக் களத்தில் அளக்கும் களவடியுமாக வரும், கடன் மட்டும் தீராது. விவசாயிகள் சங்கம் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோரின் வழிகாட்டுதலில் எழுந்து நின்று, 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கேட்டது. 1952-இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்ட ஊரில் 1968 டிசம்பர் 25 இரவு நடந்ததைக் கீழ்வெண்மணி என்ற பெயரே சொல்லும். குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ‘எங்கள் பக்கம் அடிமை ஏது’ என்று ஒருவர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இந்தியாவின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. 1975 அக்டோபர் 25 முதலே அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. சங்கிலி, பூட்டு, அடி எதுவும் அதன் இலக்கணத்துக்குத் தேவையில்லை. முன்பணமோ வேறு கடப்பாடோ காரணமாக ஒருவர் கூலியில்லாமல் அல்லது பெயருக்குக் கூலி வாங்கி உழைத்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் ஆனாலும், தன் உழைப்பையோ விளைபொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமல் ஆனாலும் அது கொத்தடிமை முறை. நான்கில் ஒன்று இருந்தால் போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வறுமையின் நெருக்குதலும் கட்டாயமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தோட்டம் போட்டுத்தரும் தொழிலை இது எங்கே வந்து தொடுகிறது? பாத்தி கட்டச் செங்கல் வேண்டும். செங்கல் காளவாய்க்கு ஆள் பிடிக்கும் காலம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் வேலை இல்லாத வீட்டுக்கு மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். மழை விட்டதும் குடும்பம் காளவாய்க்குப் போகும். அங்கே உள்ள கணக்கு நோட்டைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்தின் தலையில் ஒரு பெயர், கணவருடையது. அதன்கீழ் முன்பணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரந்தோறும் செலவுக்காசு என்று ஒரு தொகை, அறுத்த கல்லின் எண்ணிக்கை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற விலை. கோடை மழையில் பச்சைக்கல் கரைந்தால் அந்த எண்ணிக்கை கழியும். மண் குழைத்த மனைவிக்கும், கல்லைத் திருப்பிக் காயப்போட்ட பிள்ளைக்கும் அந்த நோட்டில் பெயரே கிடையாது. மொத்தக் கூலியை வேலை செய்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலி வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ‘கொத்து’ என்ற சொல்லின் பொருளை இந்த நோட்டைவிடத் தெளிவாக எந்த அகராதியும் காட்டாது.

நார் ஆலையில் வேறு வகை. தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூள்தான் கடையில் கோகோபீட் என்று விற்பது. உப்புப் போக அதைத் தண்ணீரில் அலசி, களத்தில் பரப்பிக் கிளறிக் காயவைத்து, சலித்து, 5 கிலோ கட்டியாக அழுத்துகிறார்கள். கிளறுபவர் கண்ணிலும் மூக்கிலும் தூள்தான். இந்த வேலைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களோடு வடமாநிலத் தொழிலாளர்களும் வருகிறார்கள். நார் ஆலை எல்லாமே கொத்தடிமைக் கூடம் என்று சொல்வது பெரும் அநியாயம். ஒழுங்காகக் கூலி தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளிமாநிலத்தவர் விஷயத்தில் ரயில் கட்டணம் யார் கணக்கில் ஏறியது, ஆதார் அட்டையும் வங்கி அட்டையும் யாரிடம் இருக்கின்றன என்று கேட்காமல் எதையும் உறுதி சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனபின் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் வருமானம் இழந்தன. முன்பணம் நீட்டுகிறவருக்கு அப்படிப்பட்ட காலத்தில்தான் கதவு திறக்கிறது.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும். ‘விநியோகச் சங்கிலி’ என்று எழுதுகிறோம். விநியோகம் நம்மிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போவது. இங்கிலாந்துச் சட்டம் கேட்பதோ சரக்கு நமக்கு வந்த வழி. ‘கொள்முதல் தொடர்’ என்றால் பார்வை தானாகப் பின்னோக்கித் திரும்பும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக்கிடந்த ஊருக்கு அந்தச் சொல் நன்றாகவே புரியும்.

கும்பகோணத்தில் மாடித்தோட்டம் போட்டுத்தரும் கடையானாலும் சரி, ஏற்றுமதி செய்பவரானாலும் சரி, ‘இங்கே அடிமைமுறை உண்டா’ என்று கேட்டுப் பயனில்லை. ‘முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, பாக்கி இருக்கும்போதே ஒருவர் வேறு வேலைக்குப் போக விட்டீர்களா, கூலி அவரவர் கையில் போகிறதா’ என்று கேட்க வேண்டும். முதலாளி இல்லாத நேரத்தில் தொழிலாளரிடமும், இயன்றால் அவர் மொழியில், அதையே கேட்க வேண்டும். வழக்கென்று வந்தால் அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. எனவே முன்பணச் சீட்டையும் கூலிப் பதிவேட்டையும் காட்டச் சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கேட்டதில் உண்மையாகவே ஒரு குடும்பம் சிக்கியிருப்பது தெரிந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் அந்த இடத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கைகழுவுகின்றன. அது தவறு. அந்தக் குடும்பத்துக்கு அப்போது வேலையும் போய்க் கடன் மட்டும் மிஞ்சும். மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழந்தை என்றால் 1098-க்கு அழைக்க வேண்டும். விசாரணையில் உறுதியானால் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தருவார். சட்டப்படி அந்தக் கடன் அத்தோடு இல்லாமல் போகிறது. மத்திய அரசின் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், மறுவாழ்வுக்கு ஆளையும் நிலையையும் பொறுத்து 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரையும் உண்டு. சான்றிதழ் வாங்கும்போது கணவர் பெயருக்கு மட்டும் எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். மண் குழைத்தவர், கல் திருப்பியவர் என்று வேலை செய்த ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.