பிரசவ வலிக்குக் காட்டுச்செர்ரிப் பட்டை: செரோக்கி மருத்துவச்சியின் வெந்நீர்க் கணக்கு

"வலி கண்டதும் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியின் மருத்துவச்சிகள் காட்டுச்செர்ரிப் பட்டை ஊறிய வெந்நீரைக் கொடுப்பார்களாமே, அதில் சயனைடு உண்டே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்டு, ஆனால் சயனைடாக அல்ல, அதன் மூலப்பொருளாக.

பட்டையில் புருனாசின் என்ற அந்த மூலப்பொருள் ஓரிடத்தில் இருக்கும், அதை வெட்டும் நொதி (என்சைம்) வேறிடத்தில் இருக்கும். பட்டையை நசுக்கி நனைத்தால் இரண்டும் சந்திக்கும். நொதி முதலில் குளுக்கோஸைக் கழற்றும். எஞ்சுவது நிலைக்காமல் இரண்டாக உடையும். ஒன்று பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடு, மற்றது ஹைட்ரஜன் சயனைடு. மரவள்ளிக்கிழங்கிலும் இதே தந்திரம்தான். செர்ரி இலை வாடும்போதும் இது நடப்பதால், வாடிய தழையைத் தின்ற மாடு செத்துப்போகக்கூடும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரிதான்; திறந்த பாத்திரத்தில் அது ஆவியோடு போய்விடும். கொதிநீரில் நொதியும் செயலிழக்கும். அமெரிக்க மருந்துநூல் செர்ரிப் பட்டை இருமல் பாகைச் சூடாக்காமல் தயாரிக்கச் சொன்னது இதனால்தான். நொதி வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கொதிக்கவைத்துவிட்டால் பயமில்லை என்பதும் தப்பு. சிதையாமல் தப்பிய புருனாசினைக் குடல் பாக்டீரியாக்கள் வெட்டும். இலையுதிர்காலப் பட்டையில் வீரியமும் கூடுதல்.

ஆக, இந்த மருத்துவத்தை மீட்க மூலிகைப் பட்டியல் போதாது. 1821இல் செக்வோயா என்ற செரோக்கிக்காரர் தம் மொழிக்கு எழுத்துமுறையை உருவாக்கியதால் செரோக்கி வைத்தியர்கள் தங்கள் மந்திரங்களையும் மருந்துகளையும் எழுதிவைத்தார்கள். அயூனினி என்ற செரோக்கி வைத்தியரின் சுமார் 240 பக்கக் குறிப்பேட்டை அமெரிக்க இனவரைவியலாளர் ஜேம்ஸ் மூனி விலைக்கு வாங்கி, அதன் ஒரு பகுதியை 1891இல் வெளியிட்டார். பிள்ளையை "வெளியே குதி" என்று பயமுறுத்தும் மந்திரம்கூட மூனியின் அந்த வெளியீட்டில் உண்டு. ஆனால் எவ்வளவு சூடு, எத்தனை பிடி என்பதெல்லாம் கைப்பழக்கம். அது கிழவிகளோடு போய்விடும்.

பிரசவத்துக்குப் பயன்படுத்தப்பட்ட இன்னொரு மூலிகையான நீலக் கோஹோஷின் வேரையும் யாரும் வீட்டில் முயல வேண்டாம். பிரசவத்துக்கு முன் தாய் அதை உட்கொண்டதால் பிறந்த குழந்தைக்குக் கடும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டதாக 1998இல் மருத்துவ இதழில் பதிவானது.

என்னைக் கேட்டால் முதலில் மீட்க வேண்டியது மருந்தை அல்ல, பிள்ளை பெறும்போது உடலை வைத்துக்கொள்ளும் நிலையை. செரோக்கிப் பெண்கள் நின்றும் மண்டியிட்டும் பிள்ளை பெற்றதாகப் பதிவு உண்டு. வலியின் முதல் கட்டத்தில் நிமிர்ந்தோ நடந்தோ இருந்தால், படுத்திருப்பதைவிட அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைகிறது என்று 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் ஆய்வு) சொன்னது. குழந்தையின் தலை ஈர்ப்பு விசையால் கருப்பை வாயை அழுத்துவது இதற்கு ஒரு காரணம். ஈர்ப்பு விசைக்குக் காப்புரிமை வாங்க முடியாது. மருந்து நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பணம் இந்தப் பக்கம் வராததில் வியப்பில்லை.