முள்வால் உடும்பு இரண்டை ஒரே கூண்டில் சேர்ப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் மேற்கிலும் வறண்ட பாறை நிலங்களில் வாழும் முள்வால் உடும்பு, வாலோடு சேர்த்து 60 முதல் 70 செ.மீ. வரைதான் வளரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘ஆக்கி’ என்ற பெயரில் பலர் இதை வளர்க்கிறார்கள். உடும்பு வகைகளில் சேர்ந்து வாழ ஓரளவு ஒத்துவருவது இது என்ற பேச்சு உண்டு. அதை நம்பி இரண்டாவது ஆக்கியை நேரே கூண்டுக்குள் விட்டுவிடக் கூடாது. விரல் போகலாம், வால் நுனி போகலாம். வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும், உடும்புக்கு முளைக்காது.

நம் ஊர் உடும்பு 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இங்கே சொல்வது, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த ஆக்கிகளைப் பற்றி மட்டும்.

தகராறு பெரும்பாலும் வெயில் காயும் இடத்தில், அதாவது வெயிலுக்குப் பதிலாகக் கூண்டில் மாட்டும் சூட்டு விளக்கின் கீழேதான் தொடங்கும். உடும்பின் உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. தின்ற பூச்சி செரிக்கவும், நோயை எதிர்க்கவும், முட்டை உருவாகவும் வெளியிலிருந்து சூடு ஏற வேண்டும். விளக்கின் கீழே பலகையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அதில் சிறிது நேரம் படுத்து உடலைச் சூடாக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். கூண்டில் ஒரே ஒரு விளக்கு இருந்தால் பலசாலி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடிக்கவே தேவையில்லை, அங்கே கிடந்தாலே போதும். மற்றது குளிர்ந்த மூலையில் பதுங்கி, தின்றது செரிக்காமல், வாரம் வாரம் இளைக்கும். பார்ப்பவருக்கோ இரண்டும் அமைதியாக இருப்பதாகவே தோன்றும். வளர்ப்பவர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் ஆபத்து இந்த அமைதிதான்.

ஆகவே முதலில் கூண்டைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு ஆக்கிக்கு 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம் இருந்தால் நல்லது. வெயில் காயும் இடம் இரண்டு, குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியில். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஹாலஜன் விளக்குகளைச் சேர்த்து மாட்டினால் உடல் முழுவதும் ஒரே சீராகச் சூடேறும். குறுகிய ஒற்றை விளக்கு முதுகை மட்டும் சுட்டுவிடும். பரப்பின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்க வேண்டும். சூடான பக்கத்தில் காற்று 32 முதல் 35 டிகிரி, எதிர்ப்பக்கத்தில் 25 டிகிரி அளவில் இருக்கட்டும். அடியில் மண்ணும் மணலும் கலந்து 40 செ.மீ. ஆழம், ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அப்போதுதான் தோண்டிய வளை இடியாமல் நிற்கும். விளக்குக்கு அடியில் பலகைகளை 3, 4 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால், முதுகு மேலே உரசும்படி நுழைந்து ஒடுங்கிக்கொள்ளும். ஒரே வாசல் உள்ள மறைவிடம் துரத்தப்படும் உடும்புக்குப் பொறியாகிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் திறப்பு வேண்டும்.

இரண்டு ஆண்களைச் சேர்க்க வேண்டாம். ஒன்றையொன்று உடலால் சுற்றி வளைத்து மல்லுக்கட்டும். காட்டில் தோற்றது ஓடிவிடும், கூண்டில் ஓட இடம் ஏது? ஆனால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது எளிதில்லை. வால் அடியை அழுத்தி உறுப்பை வெளித்தள்ளிப் பார்க்கும் முறை ஏமாற்றும், பெண்ணுக்கும் அதேபோன்ற சிறிய இணை உறுப்பு வெளிவரும். ஊர்வன மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் எடுப்பது மேல். எடையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பெரியதன் கண்ணுக்குச் சிறியது இரை. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டை வரும். ஈரமும் ஆழமும் உள்ள சூடான மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கித் தாய் இறக்கலாம்.

புதிதாக வந்ததைத் தனி அறையில் 90 நாள் வைத்து, இடைவெளி விட்டு மூன்று முறை மலப் பரிசோதனை செய்ய வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் வரானி என்ற குடல் ஒட்டுண்ணி மரகத உடும்பில் கண்டறியப்பட்டு 1995இல் பெயர் பெற்றது. இது மலத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிவரும், ஒரு பரிசோதனையில் தப்பிவிடும். பிளீச்சிங் கரைசலுக்கும் சாகாது.

பிறகு ஒன்றின் வாசனைக்கு மற்றதைப் பழக்க வேண்டும். உடும்பு பிளவுபட்ட நாக்கால் மணத்துகளை எடுத்து மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. ஒன்றின் கூண்டு மண்ணையும் பலகையையும் மற்றதன் கூண்டில் இரண்டு வாரம் மாற்றி மாற்றி வையுங்கள். சேர்க்கும் நாளில் பொதுக் கூண்டின் பலகைகள், கற்கள், மேல்மண் எல்லாவற்றையும் இடம் மாற்றி, முந்தைய எல்லைகளைக் கலைத்துவிட்டு, வயிறு நிறைந்த இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். பழையது இருக்கும் இடத்துக்குப் புதியது வந்தால் அது அத்துமீறல்.

நாக்கை நீட்டி முகர்வது, மேலே ஏறி நடப்பது, பிடரியைச் சுரண்டுவது இயல்பு. தொண்டை உப்பி, உடலைத் தட்டையாக்கி, சீறி, வாலை வளைத்தால் இடையில் ஒரு அட்டையைச் செருகுங்கள். கடித்துப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள்; பற்கள் பின்னோக்கி வளைந்தவை, தசை கிழியும். குழாய் நீரைத் தலையில் விட்டால் பெரும்பாலும் வாயைத் திறக்கும்.

இரை போடும்போதுதான் கடி அதிகம். பக்கத்தில் இருப்பதன் மூக்கில் கரப்பான் வாசனை ஒட்டியிருந்தால் அந்த மூக்கே இரையாகிவிடும். கூண்டின் இரண்டு முனைகளிலும் நீண்ட இடுக்கியால் தனித்தனியாகக் கொடுங்கள். எலிக்குஞ்சு போன்ற பெரிய இரையைச் சேர்ந்திருக்கும்போது கொடுக்கவே வேண்டாம், இரண்டும் ஆளுக்கொரு முனையைக் கவ்வி இழுக்கும்.

வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். ஒன்று பத்தில் ஒரு பங்கு எடை இழந்தாலோ, விளக்கடிக்கு வருவதையே நிறுத்தினாலோ, அன்றே பிரித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் ஒத்துப்போன ஜோடியும் முட்டையிடும் காலத்தில் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிவிடும். அதனால் பழைய தனிக் கூண்டைக் கழற்றி விற்றுவிடாதீர்கள். மண்ணும் விளக்கும் போட்டு, எந்த நேரமும் விடத் தயாராக வைத்திருங்கள்.