விதி போனாலும் போகாத பின்கதவு

"குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டாமா? என்கிரிப்ஷனில் அரசுக்கு மட்டும் ஒரு வழி விட்டால் என்ன?" என்கிரிப்ஷன் என்பது, உரியவர் மட்டும் படிக்கும்படி செய்தியைச் சாவி போட்டுப் பூட்டுவது. அதைப் பற்றிய கொள்கை விவாதம் எங்கே நடந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான், விசாரணை அதிகாரிகளின் சிரமம் உண்மையானது. ஆனால் அப்படி விட்ட வழிகள், அதாவது பின்கதவுகள், பிறகு என்ன ஆயின என்பதை, கணினிப் பாதுகாப்புத் தணிக்கையைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும்.

1993-ல் அமெரிக்க அரசு கிளிப்பர் சிப்பை அறிவித்தது. தொலைபேசியில் பொருத்தினால் பேச்சு 80 பிட் நீளமுள்ள ரகசிய எண்ணால், அதாவது சாவியால், பூட்டப்படும். கூடவே, அந்தச் சாவியை உள்ளே பொதிந்த ஒரு தரவுத் துண்டும் போகும். அதைத் திறக்கும் சிப்பின் சாவியை இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அமைப்புகள் வைத்திருக்கும். சட்டப்படி அனுமதி கிடைத்தால் சேர்த்துத் திறக்கலாம். துண்டு சரியானதுதானா என்று மறுமுனைச் சிப் பார்த்த பிறகே பேச்சு நடக்கும். அந்தச் சரிபார்ப்புக்கு இருந்தது வெறும் 16 பிட், அதாவது 65,536 வாய்ப்புகள். கண்டபடி துண்டுகளை உருவாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று தேறிவிடும் என்று 1994-ல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். அந்தப் போலித் துண்டை வைத்தால் என்கிரிப்ஷன் வேலை செய்யும், அரசால் மட்டும் திறக்க முடியாது. விவரம் தெரிந்தவன் தப்பிப்பான். சாதாரண ஆளின் பேச்சுதான் திறந்து கிடக்கும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. 1990-களில் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாகும் மென்பொருளில் சாவிப் பரிமாற்றம் (இரு கணினிகள் பேசத் தொடங்கும்முன் ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ளும் முறை) 512 பிட்டைத் தாண்டக் கூடாது, அதாவது பலவீனமாகவே இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பிறகு விதி தளர்ந்தது. நிரலில் இருந்த பலவீன வழி மட்டும் அப்படியே கிடந்தது. 2015-ல் ஃப்ரீக், லாக்ஜாம் தாக்குதல்கள் வெளியானபோது, இரு கணினிகளுக்கும் நடுவில் புகுந்து நிற்பவன் இணைப்பை அந்தப் பழைய வழிக்கு இறக்கி உடைக்க முடியும் என்று தெரிந்தது. இன்றும் பழைய சர்வரைத் தணிக்கை செய்யும்போது, அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்போர்ட்' என்று பெயருள்ள வரி இருக்கிறதா என்று தேடுகிறேன். இருந்தால், ஏன் என்று கேட்பேன். "அது அப்பவே இருந்ததுங்க, தொட்டா ஏதாவது நின்னுடும்" என்பார்கள்.

2004, 2005-ல் கிரேக்கப் பிரதமர் உட்பட சுமார் நூறு பேரின் கைப்பேசிகளை யாரோ ஒட்டுக்கேட்டார்கள். அதற்குப் பயன்பட்டது, சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்றே தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த மென்பொருள். 2024-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் சால்ட் டைஃபூன் என்ற ஹேக்கர் குழு இதே மாதிரி அமைப்புகளுக்குள் நுழைந்தது. அதன்பின் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அதிகாரிகளே முனைக்கு முனை என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் திறக்க முடியாத பூட்டு) உள்ள செயலியைப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

சரி, உங்கள் கைப்பேசிக்கு வருவோம். செய்தி பூட்டப்பட்டிருந்தாலும் பேக்கப் பூட்டப்படாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் பேக்கப்பை என்கிரிப்ட் செய்யும் வசதி 2021-ல் வந்தது. அமைப்புகளில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய், அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். கைப்பேசியும் தொலைந்து கடவுச்சொல்லும் மறந்துபோனால் அந்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

சர்வர் பொறுப்பில் இருப்பவர்கள் இணைய இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் நெறிமுறையில் 1.2-க்குக் கீழே உள்ள பதிப்புகளையெல்லாம் நிறுத்துங்கள். ஏதாவது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தால், அந்தப் பழைய வழியில் யாராவது வருகிறார்களா என்று சர்வரின் லாக்கில் (நடந்ததைப் பதியும் கோப்பு) ஒரு வாரம் பார்த்துவிட்டு, அப்புறம் நிறுத்துங்கள்.