பந்தியில் கை ஊன்றாமல் எழ முடியுமா?

போன தை மாதம் தேவகோட்டையில் ஒரு சாந்திக்குப் போயிருந்தேன். நகரத்தார் வீடுகளில் அறுபதாம் கல்யாணத்துக்கு அதுதான் பெயர். இரண்டாம் கட்டில் பந்திப்பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். எழப் பார்த்தபோதுதான் வினை. வலது கை எச்சில், முன்னால் இலை, மண்டி போடவும் இடமில்லை. இடது கையைத் தரையில் ஊன்றி ஒரு தடவை முயன்று, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, கை கொடுக்கட்டுமா?" என்றான்.

எதிர் வரிசையில் ஓர் ஆச்சி. வயது 78. கண்டாங்கிச் சேலையைக் கொஞ்சம் சேர்த்துப் பிடித்து, முன்னால் சாய்ந்து, எதையும் தொடாமல் எழுந்தார். "என்ன வாத்தியாரே, சம்மணம் போட்டுப் பழக்கம் விட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆன ஆள் நான். தினமும் காலையில் ஊருணியைச் சுற்றி நாலு சுற்று நடக்கிறேன். அப்புறம் ஏன் எழ முடியவில்லை?

எழுவது என்ற காரியத்தை மெதுவாக்கிப் பார்ப்போம். சம்மணம் போட்டிருக்கும் உடம்பு முதலில் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, தன் எடையைப் பாதங்களுக்கு மேலே கொண்டுவர வேண்டும். பிறகு தொடையின் முன்பக்கத் தசையும் புட்டத் தசையும் சேர்ந்து முழு எடையையும் மேலே தள்ள வேண்டும். 60 கிலோ ஆள் என்றால் கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசி. அதையும் ஓரிரு விநாடிக்குள் தூக்கியாக வேண்டும். மெல்ல மெல்ல எழலாம் என்றால் பாதி வழியில் விழுந்துவிடுவோம்.

பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோ இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார். தரையில் உட்கார 5 மதிப்பெண், எழ 5. கையோ முழங்காலோ எதை ஊன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போய்விடும். உடம்பு ஆடினால் அரை. 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரை இப்படிச் சோதித்து, சில ஆண்டுகள் கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார். மதிப்பெண் குறைந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. தரையிலிருந்து எழத் தெரிந்தால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. தசை, மூட்டு, சமநிலை எல்லாம் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று ஒரே அசைவில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். முழங்கால் தேய்ந்தவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாக, நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. நடப்பதற்கும் நிற்பதற்கும் அவை போதும். இன்னொரு வகை சட்டென்று பலம் காட்டிவிட்டுச் சீக்கிரம் களைத்துவிடும். எழுவதற்கும் படியேறுவதற்கும் இந்த வேக இழைகள் வேண்டும். வளவு நிலைப்படி தடுக்கும்போது காலை முன்னால் வீசி நம்மைக் காப்பாற்றுவதும் இவைதான். வயதாக ஆக முதலில் மெலிவதும் இவையே. நான் ஊருணியைச் சுற்றும்போது இவற்றில் பாதியை எழுப்பவே இல்லை. நடைக்குக் கணக்கு வைத்தேன், பலத்துக்கு வைக்கவில்லை.

நரம்பின் கதையும் இதில் இருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பணுவும் நூற்றுக்கணக்கான தசை இழைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஒரு வீட்டுத் தலைவரும் அவர் குடும்பமும் மாதிரி. வயது ஏறும்போது சில நரம்பணுக்கள் இறந்துபோகின்றன. அவற்றின் இழைகள் அநாதையாகின்றன. அப்போது பக்கத்து நரம்பணு கிளை விட்டு அந்த இழைகளைப் பிள்ளை கூட்டிக்கொள்கிறது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு: தத்தெடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். கூட்டிக்கொள்ளும் நரம்பணு பெரும்பாலும் மெதுவான வகை என்பதால், வேக இழையும் நாளடைவில் அந்த வீட்டு வழக்கத்துக்கு மாறி மெதுவானதாகிவிடுகிறது. கூட்டிக்கொள்ள ஆள் கிடைக்காத இழை சுருங்கி மறைகிறது.

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைவதாகக் கணக்கு; அறுபதுக்கு மேல் வேகம் கூடும். தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் வேகமாக இறங்கும். இந்த இழப்புக்கு 1989இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதை இழப்பு என்று பொருள். அதுவரை நம் ஊரில் சொல்வதைப் போலத்தான் எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்: வயசாச்சு.

வயதின் பங்கு பாதிக் கதைதான். மிச்சத்தை நாமே செய்துகொள்கிறோம். 1950களின் தொடக்கத்தில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் எழுதினார். அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. வேலையே அதைச் செய்துகொடுத்தது. எனக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் நிற்பது, மாடி வகுப்புக்கு ஏறி இறங்குவது, பேருந்துக்கு ஓடுவது. பணப்பயனுக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்த எனக்கு, இவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோனது தெரியவில்லை.

படுக்கை இன்னும் மோசம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த பெரியவர்கள் முன்புபோல நடமாட முடியாமல் போவது ஏன் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

சரி, போன தசை திரும்புமா? 1990இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். பேருக்குச் செய்யும் பயிற்சி இல்லை. அவர்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் எண்பது சதவீதம் வரை. எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில்!

உள்ளே நடப்பது இதுதான். பழக்கத்துக்கு மீறிய சுமை விழும்போது தசை இழை அந்த இழுவையை உணர்ந்து, புதிதாகப் புரதம் கட்டச் சொல்லித் தன் செல்லுக்குள் சைகை விடுகிறது. இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் துணைச் செல்கள் விழித்து, பழுது பார்க்க வருகின்றன. இவற்றை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ கண்டுபிடித்தார். முதல் சில வாரங்களில் கூடும் பலமோ பெரும்பாலும் நரம்பின் வேலை. இருக்கிற இழைகளையே கூடுதலாக, ஒரே நேரத்தில் எழுப்ப மூளை கற்றுக்கொள்கிறது. தொடை பருக்காமலேயே எழுவது சுலபமாவது அதனால்தான். தசைக்கு வேலை கிடைத்தால் சர்க்கரைக்காரர்களுக்கு ஓர் உபகாரமும் உண்டு: சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கட்டுவதற்குச் செங்கல் வேண்டாமா? வயதான தசை கொஞ்சம் காது மந்தம். இளைஞனுக்குப் போதுமான புரதம் அதன் காதில் விழாது. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. செட்டிநாடு என்றதும் ஊருலகம் கோழிக் குழம்பை நினைக்கிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடுவதோ காலையில் இட்லி, ராத்திரி இட்லி. நாலு இட்லியில் 8 கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டை 6 கிராம், ஒரு தம்ளர் பால் 6, 7 கிராம். சுண்டல், மீன், பருப்பு உருண்டைக் குழம்பு என்று மூன்று வேளையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். கும்மாயம் கிண்டியவர்களுக்கு உளுந்தும் பாசிப்பயறும் எதற்கு என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அதில் விழும் கருப்பட்டியையும் நெய்யையும் நினைத்து நான் ஓர் உருண்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மாசியில் ஆரம்பித்தேன். முதலில் 30 விநாடிச் சோதனை: கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. நான் 9. பேத்திதான் எண்ணினாள், ஒன்றுகூடத் தள்ளுபடி தரவில்லை.

உயரம் குறையக் குறையச் சுமை கூடும் என்பதால் வீட்டையே கருவியாக்கிக்கொண்டேன். முதல் மாதம் முகப்புத் திண்ணை. அது உயரம், சுலபம். பிறகு நாற்காலி, பிறகு முக்காலி, இப்போது மணை. வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்தாக மூன்று சுற்று. மெதுவாக உட்கார்ந்து வேகமாக எழ வேண்டும். அந்த வேகம்தான் வேக இழைகளைத் தட்டி எழுப்புகிறது. பல் துலக்கும்போது சுவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறேன், சமநிலைக்கு. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற, வங்கியில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் சாயங்காலம் வந்து சேர்ந்துகொள்கிறார். அவர் வந்த நாளில் மூன்றாவது சுற்றை நான் தவறவிட்டதில்லை.

போன வாரம் நாற்காலிச் சோதனையில் 15. ஆவணியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது, பந்தி தரையில்தானாம். மணையிலிருந்து ஒரு மூச்சில் ஆறு முறை எழுகிறேன். ஏழாவதுக்கு இடது கை தானாகத் தரையைத் தேடுகிறது.