நிலக்கடலை இல்லாத புரோட்டீன் பார்: ஏன் உதிர்கிறது, ஏன் கல்லாகிறது

புரோட்டீன் பாரிலிருந்து நிலக்கடலையை நீக்குவது எளிது. நீக்கிய பிறகும் பார் பாராக நிற்பதுதான் கடினம். கடலை வெண்ணெய் இருந்த இடத்தில் ஏதோ ஒரு மாவைக் கொட்டி, பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்து, தட்டில் அழுத்தி வைத்தால் முதல் நாள் உதிர்கிறது. ஒரு வாரத்தில் பல்லைப் பதம் பார்க்கிறது. நிலக்கடலை அங்கே மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. எடையில் கால்வாசிக்குப் புரதம், கிட்டத்தட்ட பாதிக்குக் கொழுப்பு, அரைபட்டபோது எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் பசை. ஒவ்வாமைக்காக அதை விலக்கும்போது இந்த மூன்றுக்கும் தனித்தனியாக மாற்று தேடவேண்டும். அந்த மாற்று கடலையின் பங்காளியாக இருந்துவிடவும் கூடாது.

‘வீகன்’ (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று அட்டையில் போட்டிருந்தால் ஒவ்வாமைக்காரர்களுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளின்படி, பொட்டலமிட்ட உணவில் சில பொருள்கள் இருந்தால் அவற்றைக் கட்டாயம் குறிப்பிடவேண்டும்: குளுட்டன் (கோதுமை போன்றவற்றிலுள்ள ஒட்டும் புரதம்) உள்ள தானியங்கள், நண்டு இறால் வகைகள், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பால், மரக்கொட்டைகள், கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட சல்பைட்டு என்ற பதனப்பொருள். வீகன் என்றதும் இந்தப் பட்டியலிலிருந்து நண்டு இறால், முட்டை, மீன், பால் நான்கும் விலகிவிடுகின்றன. ஆனால் பாலுக்கும் முட்டைக்கும் பதிலாகத் தயாரிப்பாளர்கள் எதை நாடுகிறார்கள்? சோயா, நிலக்கடலை, முந்திரி, பாதாம், கோதுமைப் புரதம். மிச்சமிருக்கும் வரிகள் பெரும்பாலும் ஒரே பாரில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வீட்டில் செய்துகொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

எது ஆபத்தானது என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிங்கப்பூர்ச் சிறுவர்களுக்கு உணவினால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு முதல் காரணமாக இருந்தது பறவைக்கூடு; ஆம், சூப்பாகவும் இனிப்பாகவும் ஊட்டப்படும் அந்த உழவாரக் குருவியின் எச்சில்தான். பின்னர் 2013இல் வெளியான ஆய்வில் நிலக்கடலை முன்னுக்கு வந்திருந்தது.

நம் உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் ‘கடலை’ என்ற பொருளை அறியாது. அதன் புரதங்களின் மேற்பரப்பில் உள்ள சிறு சிறு வடிவங்களைத்தான் அறியும். ஒவ்வாமை உள்ளவரின் இரத்தத்தில் அந்த வடிவத்துக்கென்றே உருவான ‘ஐஜிஈ’ எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவை மாஸ்ட் என்ற நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். உரிய புரதம் வந்து இரண்டு எதிர்ப்பொருள்களை இணைத்ததும் அந்த உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன.

விதைகளில் இந்தப் புரதங்களுக்கு ஒரு காரணம் உண்டு. முளைவிடும் செடிக்கு நைட்ரஜன் தேவை; அதைத் தாய்ச்செடி விதைக்குள் சேமிப்புப் புரதங்களாகக் கட்டிவைக்கிறது. நெடுங்காலம் கெடாமல் இருக்கவேண்டியவை என்பதால் இவற்றுள் சில வியக்கத்தக்க உறுதி கொண்டவை. ‘2எஸ் அல்புமின்’ என்ற சிறிய புரதங்கள் வெப்பத்துக்கும் வயிற்றுச் செரிமானத்துக்கும் எளிதில் அசையாது. ஆகவே, “நன்றாக வறுத்துவிட்டால் ஒன்றும் செய்யாது” என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்கக் கூடாது. உண்மையில் நிலக்கடலையை வறுக்கும்போது சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து, அவித்த கடலையைவிட வறுத்த கடலை எதிர்ப்பொருள்களுடன் வலுவாகப் பிணைகிறது.

அடுத்து வருவது உறவுமுறைச் சிக்கல். நிலக்கடலை கொட்டையே அல்ல. அது பட்டாணி, கொண்டைக்கடலை, சோயா ஆகியவற்றின் குடும்பம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பெரும்பாலோர் மற்றப் பருப்புகளைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் சாம்பார் இல்லாத நாள் ஏது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. லூபின் என்ற பருப்பின் மாவு நிலக்கடலையோடு குறுக்கு வினை (ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருளே மற்றொன்றோடும் வினைபுரிவது) செய்வது நன்றாக அறியப்பட்டது. வெளிநாட்டு ‘குளுட்டன் இல்லா’ மாவுக் கலவைகளில் அது ஒளிந்திருக்கும். பட்டாணிப் புரதத்திலும் ஒரு நுட்பம் உண்டு: குழம்பில் கிடக்கும் பத்துப் பட்டாணியைத் தாங்கும் உடல், அதே புரதத்தை 80 விழுக்காடு அளவுக்குச் செறிவாக்கிய தூளைத் தாங்கும் என்று உறுதியில்லை. இங்குதான் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

பட்டாணி ஒத்துவரும் என்றால், என் தேர்வு பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் பட்டாணித் தூளும் சேர்ந்த கூட்டணி. பூசணி விதையில் ஏறத்தாழ 30 விழுக்காடும் சூரியகாந்தி விதையில் 20 விழுக்காடும் புரதம் உண்டு. இரண்டிலும் கொழுப்பு பாதி. கடலை விட்டுச்சென்ற கொழுப்பும் பசையும் இவற்றிலிருந்தே கிடைத்துவிடும். புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில், பட்டாணியில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு, விதைகளில் நேர்மாறு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியில் நடப்பதும் இதுவே. எள்ளை நான் சேர்ப்பதில்லை. எள் ஒவ்வாமை கடுமையாக இருக்கக்கூடியது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் அது கட்டாயம் குறிப்பிடவேண்டிய பொருள். மேலே சொன்ன சிங்கப்பூர்ப் பட்டியலில் அதன் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓட்ஸ் வேண்டாமா என்று கேட்பார்கள். இயல்பில் அதில் கோதுமைக் குளுட்டன் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். நம்மிடம் அரிசிப்பொரி இருக்கும்போது எதற்கு அந்தக் கவலை? பொட்டலமாக, முழு விவரத்தோடு வாங்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் கடைகளில் கடலைக்குப் போன கரண்டிதான் பொரிக்கும் போகும்.

இனி இயற்பியல். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. “தேங்காய் எண்ணெயை உருக்கி ஊற்றுங்கள், ஆறியதும் இறுகும்” என்பார்கள். தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில். வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையில், பகலில் வெப்பம் 31, 32 பாகையைத் தொடும்போது, அது இறுகுவதாவது! குளிர்பதனப் பெட்டியில் கல்லாகும். பிள்ளையின் பள்ளிப் பையில் எண்ணெய்க் கசிவாகும். கொக்கோ வெண்ணெய் 34 பாகைவரை தாங்கும் என்பதால் மேலே சாக்லேட் பூசுவது இங்கு ஓரளவு எடுபடும். ஆனால் டார்க் சாக்லேட்டுக்குப் பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரம் பயன்பட்டிருக்கலாம்; உட்பொருள் வரிசையோடு நிறுத்தாமல் அதற்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் படிக்கவேண்டும். பாரின் உறுதிக்குக் கொழுப்பை நம்புவதைவிடச் சர்க்கரைப் பாகை நம்புவதே இந்த ஊருக்குப் பொருந்தும்.

பாகு என்றால் நீர். ஒரு பார் உதிர்வதும் மெல்ல வருவதும் கல்லாவதும் பூஞ்சை பிடிப்பதும் அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீர் எவ்வளவு கட்டுண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உணவு அறிவியலில் இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்று 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். தூய நீர் 1. நோய் தரும் பாக்டீரியாக்கள் 0.85க்குக் கீழே பெருகுவதில்லை, 0.6க்குக் கீழே பூஞ்சையும் ஈஸ்ட்டும்கூட வளர முடியாது. பேரீச்சம்பழத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீர் இருந்தும் அது எளிதில் கெடாததற்குக் காரணம், அதிலுள்ள குளுக்கோசு, ஃபிரக்டோசு என்ற சர்க்கரைகள் அந்த நீரைப் பிடித்து வைத்திருப்பதுதான்.

நீர் எப்போதும் செயல்பாடு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகரும். பேரீச்சை விழுதிலிருந்து காய்ந்த பொரிக்கு அது போகிறது, பொரி நமத்துப்போகிறது. புரதத் தூளுக்கும் போகிறது. தூள் மெதுவாக, நாள்கணக்கில் நீரை உறிஞ்சுகிறது. பாகு வறண்டு இறுகுகிறது. அருகருகே உள்ள புரதத் துகள்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. செய்த அன்று மெத்தென்று இருந்த பார் அடுத்த வாரம் பொருவிளங்காய் உருண்டை ஆவது இப்படித்தான்.

அந்த உருண்டையைப் பழிப்பதாக எண்ணவேண்டாம். வறுத்த பருப்பு, அரிசி, வெல்லம் சேர்ந்த பொருவிளங்காய், புரோட்டீன் பார் என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த புரோட்டீன் பார். அதன் கடினம் வேண்டுமென்றே செய்தது. பாகை முற்றவிட்டால் நீர் ஏறக்குறைய முழுதும் வெளியேறி, சர்க்கரை கண்ணாடி போன்ற நிலைக்குப் போகும். நீர் நடமாட இடமில்லை, கிருமிக்கும் இடமில்லை, வாரக்கணக்கில் தாங்கும். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய பதம். பாகின் கொதிநிலையே அதன் நீரளவைச் சொல்லிவிடும்: 112 பாகையில் தண்ணீரில் விட்டால் மெல்லிய உருண்டையாகத் திரளும், 150ஐ நெருங்கினால் ‘டக்’ என்று உடையும். வெப்பமானி இல்லாவிட்டால் பாட்டியின் கிண்ணத்துத் தண்ணீர் போதும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். வறுத்து அரைத்த சூரியகாந்தி விதை விழுது 150 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 150, பட்டாணிப் புரதத் தூள் 60, பொரி 60, பூசணி விதை 60, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 80, தாராளமாக உப்பு, ஏலக்காய். பன்னிரண்டு துண்டுகள் போட்டால் ஒவ்வொன்றிலும் எட்டிலிருந்து ஒன்பது கிராம் புரதம். கடைப் பார்கள் இருபது கிராம் என்று மார்தட்டும். அவற்றில் கிளிசரால் போன்ற ஈரங்காப்பான்கள் மென்மையைக் காக்கின்றன. வீட்டில் தூளைக் கூட்டக் கூட்டக் கல்தான் மிஞ்சும்.

வரிசை முக்கியம். முதலில் பொரியை விதை விழுதில் கொஞ்சம் எடுத்துப் பிசறவேண்டும். கொழுப்புப் பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும். தூளையும் மீதி விழுதோடுதான் முதலில் கலக்கவேண்டும், பாகோடு அல்ல, காரணம் அதுவே. பேரீச்சையைத் தனியே அரைத்து, 112 பாகையில் இறக்கிய குலா மலாக்காப் பாகோடு சேர்த்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, சூடு ஆறுமுன் தட்டில் அழுத்தமாகப் பரப்பவேண்டும். பட்டாணித் தூளின் பச்சை வாடையைச் சர்க்கரையைவிட உப்பும் ஏலமும் கொக்கோவும்தான் நன்றாக மறைக்கின்றன.

வெட்டியதும் ஒவ்வொன்றையும் சுற்றி வையுங்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியலுக்குச் சற்றுமுன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாப் பிற்பகலில்தான் 60க்கு இறங்கும். திறந்த தட்டில் கிடக்கும் பார் அந்தக் காற்றோடு சமநிலைக்கு வர முயலும், 0.6இல் இருந்த நீர்ச் செயல்பாடு 0.8ஐ நோக்கி ஏறும், பூஞ்சையும் பின்னால் வரும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் அறைவெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்கவேண்டாம். பிரித்தால் குளிர்ந்த மேற்பரப்பில் நீர் முத்துமுத்தாகப் படியும்.

திறந்த மாவுப் பொட்டலங்களும் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கவேண்டியவை. வெப்பமண்டல வீடுகளில் மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகும். தூசி உண்ணி ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மாவில் செய்த பண்டத்தைத் தின்று கடும் அதிர்ச்சிக்கு ஆளானதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. காரணம் புரியாதவர்கள், கடலை எதுவும் இல்லாத பண்டத்தில் கடலையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நிஜமாகவே கடலை வந்து சேரும் வழி பெரும்பாலும் மிக்சி. நேற்றுச் சட்னி அரைத்த ஜாரின் ரப்பர் வளையத்துக்கு அடியில் பிசுக்கு தங்கியிருக்கும். கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்கவேண்டும். கைக்கும் சோப்புதான். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. வெறும் தண்ணீரும் முழுமையாக அகற்றுவதில்லை என்று 2004இல் நடந்த சோதனை காட்டியது.

இதே கலவையைச் சிலர் பேக்கிங் சோடா சேர்த்து ஓவனில் சுடுகிறார்கள். மறுநாள் வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை. பூஞ்சை என்று பயந்து குப்பையில் போடவேண்டாம். சூரியகாந்தி விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தன்மையுள்ள (அமிலத்துக்கு எதிரான) சூழலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமினோ அமிலங்களோடு சேர்ந்தால் பச்சை நிறமி உருவாகும், தீங்கில்லை. சோடாவைக் குறைத்து ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறாது. பச்சையாகவே இருந்துவிட்டால், பாண்டான் இலை சேர்த்தீர்களா என்று பார்ப்பவர் கேட்பார். சூரியகாந்தி விதை என்று உள்ளதைச் சொல்லுங்கள், அந்த விதைக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.