நுணல் வாய் திறந்தும் கேட்காத ஓடை

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பார்கள். தவளை தேடப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்: இருட்டியதும் குரல் வரும் திசையில் நட. குளக்கரையில் இது பலிக்கும். போர்னியோ தீவின் மலையோடைகளில் பெரும்பாலும் பலிக்காது. பாறையில் மோதி விழும் நீர் எழுப்பும் இரைச்சல் மற்ற ஓசைகளை விழுங்கிவிடும்.

இரைச்சலில் தாழ்ந்த ஒலிகளே மிகுதி. அதனால் ஓடைத் தவளைகள் பல, கீச்சென்ற உச்சக் குரலில் கத்துகின்றன. ஹூயா கேவிடிம்பனம் என்ற தவளை அதையும் மிஞ்சி, மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் குரல் கொடுக்கும். 38 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து அது அப்படிக் கத்தினாலும் நமக்கு ஒன்றும் கேட்காது. ஸ்டாரோயிஸ் தவளைகளோ பின்காலை நீட்டி, விரலிடைச் சவ்வைக் கொடிபோல விரித்துச் சைகை காட்டுகின்றன.

ஆகவே கண்ணை நம்ப வேண்டியதுதான். தவளையின் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது. நெற்றியில் விளக்கைக் கட்டினால் அந்த மினுக்கம் தெரியும். இடுப்பளவில் பிடித்தால் தெரியாது. சிலந்திகளின் கண்ணும் இப்படியே மினுங்கும். புதிதாகப் போகிறவர் முதல் இரவில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சிலந்தியைத்தான்.

தவளை சிக்காவிட்டால் தலைப்பிரட்டையைத் தேடலாம். அன்சோனியா தேரைகளின் குஞ்சுகள் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு, வெள்ளம் இழுத்தாலும் விடாமல் பாசியைச் சுரண்டித் தின்னும். ஓடை நீரை வடிகட்டி, அதில் உதிர்ந்த டிஎன்ஏவைப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் ஓடையின் மேற்பகுதியில் எங்கோ தவளை இருக்கிறது என்றுதான் அது சொல்லும், எந்தக் கல்லடியில் என்று சொல்லாது.

இத்தனை தெரிந்தும் தேடல் எளிதல்ல. போர்னியோவின் சம்பாஸ் ஓடைத் தேரை 1924க்குப் பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் இந்திரநீல் தாஸின் குழு, அதே தீவின் பென்ரிசென் மலைத்தொடரில் மாதக்கணக்கில் இரவிரவாக அலைந்து வெறுங்கையோடு திரும்பியது. பிறகு இன்னும் உயரமான பகுதிகளுக்கு ஏறினார்கள். 2011இல் ஒருவழியாகக் கிடைத்தவை மூன்று. பெரியதே 51 மில்லிமீட்டர்தான். பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக முதுகெங்கும் புள்ளிகள். முதலில் கண்ணில் பட்ட ‘ஓடைத்’ தேரை இருந்தது தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், ஒரு மரத்தில்.

இடம் எதுவென்று குழு சொல்லவில்லை. இத்தனை அழகான தேரையைப் பிடித்து விற்க ஆள் வந்துவிடும் என்ற பயம்.